மேனேஜர் கிடைத்த கதை

என் மாமா மேனேஜர் ஆன அன்று அம்மா முந்திரி போட்டுக் கேசரி கிண்டினாள். தாராவியில் எங்கள் சாலில், அந்த வரிசைக் குடியிருப்பில் இருந்த எல்லா வீட்டுக்கும் கிண்ணம் கிண்ணமாகப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஒவ்வொரு வாசலிலும் "எங்க மாமா மேனேஜர் ஆயிட்டாவ" என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் கிண்ணத்தை நீட்ட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

என்ன மேனேஜர் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அவள் வரைக்கும் மேனேஜர் என்றால் கண்ணாடி அறை, ஏசி, சுற்றும் நாற்காலி. நான் மாமாவிடமே கேட்டுப் பார்த்தேன். "ஆபீஸ்ல சுத்துற நாற்காலி உண்டா மாமா?"

"நாற்காலி சுத்தாதுட்டி. நான்தான் சுத்துவேன்" என்றார்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு மேல்தட்டில்தான் அவருடைய பாயும் பெட்டியும் இருந்தன. அந்த வட்டாரத்தில் அவர் பெயர் பலருக்குத் தெரியாது. 'தஸ் நம்பர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். பத்தாம் எண் போட்ட சட்டையில் கம்பெனி டீமுக்காக ஃபுட்பால் ஆடியவர் அவர். மழையில் ஊறிய மைதானத்தில், பெரிய டீம் ஒன்றுக்கு எதிராக, கடைசி நிமிஷத்தில் அவர் போட்ட கோலைப் பற்றிப் பேசாத சலூன் அந்தப் பக்கம் கிடையாது. அப்பா சொல்லும்போது அந்தப் பந்து பாதி மைதானத்திலிருந்து பறக்கும். சலூன்காரர் சொல்லும்போது கார்னர் கொடியிலிருந்து வளைந்து வரும். எதிர்க் கட்டிட டெய்லர் சொல்லும்போது கோல் கீப்பர் பந்தோடு சேர்ந்து வலைக்குள் போய்விடுவார். மாமாவிடம் கேட்டால் மட்டும், "காலு வழுக்கிட்டுட்டி. பந்து உள்ள போய்ட்டு" என்பார்.

அந்த வழுக்கலுக்குத்தான் கம்பெனி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை போட்டுக் கொடுத்தது. காலையில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு மைதானத்துக்குப் போய்விடலாம். ஆபீஸில் அவருக்கென்று ஒரு மேஜை இருந்ததாம். அதன் நாற்காலியில் பக்கத்து மேஜைக்காரரின் டிபன் பைதான் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தது என்று மாமாவே சொல்லிச் சிரிப்பார்.

பிறகு முட்டி போனது. ஒரு மேட்சில் விழுந்தார், எழுந்தார், ஆனால் பழைய ஆளாக எழவில்லை. கம்பெனி கொஞ்ச நாள் பார்த்தது. ஆட முடியாதவரை என்ன செய்வது என்று யோசித்து, டீம் மேனேஜர் ஆக்கியது. பந்துப் பையைச் சுமப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, பிளாஸ்கில் ஐஸ் கொண்டுபோவது, காலில் வலித் தைலம் தேய்ப்பது, யார் ஆடலாம் யார் ஆடக்கூடாது என்று முடிவு செய்வது எல்லாம் அந்த மேனேஜர் வேலையில் அடக்கம். ஜெர்சி துவைப்பதும் அடக்கம்தான். எங்கள் சந்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி அவை காயும். அந்த வரிசையில் பத்தாம் எண் மட்டும் இருக்காது. அதை யாருக்கும் கொடுக்காமல் பந்துப் பையின் அடியில் மடித்து வைத்திருந்தார்.

'இந்த வயசிலயும் பந்து பின்னால ஓடுதான்' என்று அம்மா ஓயாமல் புலம்பியதால், மாமா ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அக்கா, ஆபீஸ் போய்ட்டு வாரேன்" என்பார். மைதானம் ஆபீஸ் ஆனது இப்படித்தான். நானும் அப்படியே பழகிவிட்டேன். சனிக்கிழமைகளில் அவரோடு ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போய், டச் லைனில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுவிட்டு வருவேன்.

மாமாவுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. பந்து விளையாடுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று இரண்டு மூன்று வீட்டில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அவரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, செம்பூர்ப் பக்கம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போய்வரும் வரைக்கும். அங்கே பாடகர் குழுவில் திலக் நகர் டீச்சர் ஒருத்தி பாடினாள். வீட்டுக்கு வந்த மாமா சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். பவுடர் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வேதக்கோவிலை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துக் கோவில் ஆராதனைக்குப் போனார். பக்தி முற்றிவிட்டது என்று அப்பா கேலி செய்தார். அம்மா மட்டும் கேலி செய்யவில்லை. போதகரம்மாவிடம் விசாரித்து, பேச்சை எடுத்து, மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். "தம்பி கம்பெனியில மேனேஜர்" என்று சொல்லித்தான் நகர்த்தினாள்.

பெண்ணின் அப்பா ஒரு பெரிய ஆபீஸில் உதவி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு மேல் ஒரு படிகூட ஏறாமல், உதவி மேனேஜராகவே வீட்டுக்கு வந்தவர். தாராவி மாப்பிள்ளை என்றதும் முகத்தைச் சுளித்தவர், மேனேஜர் என்ற சொல்லைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தான் மட்டும் வந்து வீட்டையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

"அவரு எந்த மேனேஜர்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்று அப்பா கேட்டார்.

"மேனேஜர்தான. நான் பொய்யா சொன்னேன்?" என்றாள் அம்மா.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை நடக்க வேண்டிய கம்பெனி டீம்களின் செமிஃபைனல் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அம்மா கத்தினாள். நீ போகாவிட்டால் அங்கே பந்து உருளாதா என்றாள். மாமாவுக்கு எந்தப் பக்கமும் மனசு வரவில்லை. கடைசியில், அம்மா இஸ்திரி போட்டு வைத்திருந்த புது வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டே பந்துப் பையைத் தூக்கினார். "அவிய ஆறு மணிக்குத்தான வாராவ. அஞ்சரைக்கு வந்துருவேன்க்கா. ஜல்தி வந்துருவேன்" என்று ஓடினார்.

அவர் நாலரைக்கே வந்துவிட்டார். மாமா இல்லை, பெண்ணின் அப்பா.

குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, வெள்ளைச் சட்டையும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. முகம் சரியாக இல்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. தெருமுனையில வழி கேட்டேன். உங்க தம்பி பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியல. அடையாளம் சொன்னதும், 'அச்சா, தஸ் நம்பர் கா கர்?'ங்கறான் பான்வாலா. இந்த ஊர்ல தஸ் நம்பரின்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். போலீஸ் கேஸ் ஏதாவது உண்டா?"

பம்பாயில் தஸ் நம்பரி என்றால் தில்லாலங்கடி, போக்கிரி. அம்மாவுக்கும் அது தெரியும். அந்தப் பட்டப்பெயரை அவள் வெறுத்ததே அதனால்தான். ஜெர்சி எண் என்று உண்மையைச் சொன்னால் ஃபுட்பால் வெளியே வந்துவிடும். அம்மா ஒரு நொடிதான் விழித்தாள்.

"ஐயையோ, அதெல்லாம் இல்ல. ஆபீஸ்ல அவன் ரூம் நம்பர் பத்து" என்றாள்.

அதுதான் அம்மாவின் முதல் பொய். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று இன்றுவரை சாதிப்பாள்.

அவர் முகம் தெளிந்தது. தண்ணீரைக் குடித்தார். தனி ரூமா என்று கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். மாப்பிள்ளை எங்கே என்றார். ஆபீஸில் அவசர மீட்டிங், இப்போது வந்துவிடுவான் என்று அம்மா சொல்லிவிட்டு, ஸ்டவ்வைப் பற்ற வைக்கத் திரும்பினாள். அந்த இடைவெளியில் அவர் என்னைப் பார்த்தார்.

"மாமா ஆபீஸ் எங்க பாப்பா? தூரமா?"

"இல்ல தாத்தா. கிட்டக்கதான். ரயில் பாலம் ஏறி எறங்குனா வந்துரும். நான் எப்பவும் போவேன்."

"அப்படியா? சனிக்கிழமைகூட வேலை பாக்கற ஆபீஸை நானும் ஒரு தடவை பாத்துடறேனே" என்று எழுந்தே விட்டார். ஒளித்து மறைக்காமல் ஆபீஸுக்கு வழி சொல்கிற குடும்பம் என்று அவருக்குச் சந்தோஷம். அம்மா டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றாள், மழை வரும் என்றாள், மீட்டிங்கில் தொந்தரவாக இருக்கும் என்றாள். வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவதாக அவர் சொன்னார். அம்மா கண்ணாலேயே என்னைக் கிள்ளினாள். பவுடர் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை என்று கிள்ளுகிறாளாக்கும் என நினைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு ஒன்பது வயசு.

பாலத்தில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. நடுவில் நின்றார். கீழே லோக்கல் ரயில் ஒன்று மாட்டுங்கா பக்கம் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்களோடு நடக்கும்போது ஏதாவது பேச வேண்டும் என்று சண்டே ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள்.

"தாத்தா, நீங்களும் மேனேஜரா?"

"இல்ல பாப்பா. அசிஸ்டென்ட் மேனேஜர். அவ்வளவு வருஷம் வேலை பாத்தேன், எனக்கு ஒரு மேனேஜர் கெடைக்கவே இல்ல."

அதைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. எங்கள் வீட்டில்தான் மேனேஜர் இருக்கிறாரே, இவருக்கு ஒன்று கேட்டு வாங்கிக் கொடுத்தால் என்ன?

"எங்க மாமாட்ட சொல்லுதேன் தாத்தா. அவிய வாங்கித் தருவாவ."

அவர் சத்தமாகச் சிரித்தார். பாலம் இறங்கும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

மைதானத்தின் வாசலில் அந்தச் சிரிப்பு நின்றது. சேறு. சேற்றுக்குள் இருபது பேர் புரண்டுகொண்டிருந்தார்கள். சுற்றிலும் தாராவிக் கூட்டம் குடையும் சாக்குமாக நின்று கத்தியது. டச் லைனில், புது வெள்ளைச் சட்டையும் முழங்கால்வரை சுருட்டிய பேன்டும் ரப்பர் செருப்புமாக என் மாமா ஒரு கையில் எலுமிச்சம்பழத்தோடு கூவிக்கொண்டிருந்தார்.

"இதுவா ஆபீஸ்?"

"ஆமா தாத்தா. எங்க மாமாதான் இங்க மேனேஜர்" என்றேன். இவ்வளவு பெருமையாக நான் வேறு எதையும் சொன்னதில்லை.

அவர் திரும்பிப் போயிருப்பார். குடையைக்கூட விரித்துவிட்டார். அதற்குள் ஷாமியானாப் பந்தலுக்கு அடியிலிருந்து ஒரு பியூன் ஓடி வந்தான். வெள்ளைச் சட்டையையும் இரண்டு பேனாவையும் பார்த்து, கம்பெனியின் ஏதோ பெரிய ஆபீஸர் என்று நினைத்துவிட்டான். 'ஆயியே சாப், ஆயியே சாப்' என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கம்பெனியின் பெரிய சாப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டான். வாழ்நாள் முழுவதும் பெரிய சாப்களுக்கு எதிரில் நின்றே பழகியவருக்கு, எழுந்து ஓடவும் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அப்போது எதிர்ப் பக்கத்துக்காரன் ஒருத்தன் சும்மா தட்டிவிட்ட பந்து, ஒரு குழந்தைகூடப் பிடித்துவிடும் பந்து, எங்கள் கோல் கீப்பர் கையில் பட்டு, சேற்றில் நழுவி, அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து உள்ளே போனது. கூட்டத்திலிருந்து வசவு ஆரம்பித்தது. அப்படிப்பட்ட வசவுகளை நான் எங்கள் குழாயடியில்கூடக் கேட்டதில்லை. கீப்பர், மீசை வைத்த ஆம்பிளை, பிள்ளைகுட்டிக்காரர், சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெரிய சாப் நாற்காலியிலிருந்து எழுந்து மாமாவைக் கூப்பிட்டார். அந்தக் கீப்பரை உடனே வெளியே இழு, அவன் இனிமேல் நம் சட்டையைப் போடக்கூடாது, கோலில் வேறு எவனாவது நிற்கட்டும், உன் பேர்தான் இன்னும் லிஸ்டில் இருக்கிறதே, நீ உள்ளே போ என்று இந்தியில் கத்தினார். கூட்டத்துக்கும் அது கேட்டுவிட்டது. 'தஸ் நம்பர்! தஸ் நம்பர்!' என்று மைதானமே கூவியது. என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தார். பத்தாம் நம்பர் ரூம் எது என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

மாமாவும் அப்போதுதான் அவரைப் பார்த்தார். திலக் நகர்க் கோவிலில் தூரத்திலிருந்தே பார்த்து வணங்கிவந்த மனிதர், பெரிய சாப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. டீச்சர் கைநழுவிப் போய்விட்டாள் என்று அந்த நொடியில் நினைத்ததாகப் பின்னால் அவரே சொன்னார்.

பையின் அடியில் இருக்கும் அந்தப் பத்தாம் எண் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே இறங்குவார், இரண்டு கோல் போடுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் காத்திருந்தேன்.

"சாப், உஸ்கோ மைனே ரக்கா. கல்தி அப்புன் கா ஹை. உஸ்கோ ரெஹ்னே தோ" என்றார் மாமா. அவனைக் கோலில் நிறுத்தியது நான், தப்பு என்னுடையது, அவன் இருக்கட்டும் என்றார்.

நீ என்ன மேனேஜர், திங்கட்கிழமை ஆபீஸுக்கு வா, பேசிக்கொள்கிறேன் என்று சாப் எல்லோருக்கும் முன்னால் கத்தினார். மாமா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். முட்டியை இழுத்து இழுத்து, கோட்டுக்கு வெளியிலேயே நடந்து, கோலுக்குப் பின்னால் போனார். கீப்பரைக் கூப்பிட்டார். துண்டெல்லாம் நனைந்து போயிருந்தது. புதுச் சட்டையை இழுத்து வெளியே விட்டு, அதன் நுனியில் கீப்பரின் கையுறைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். என்னமோ சொன்னார். அந்த ஆள் அழுதுகொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகு கீப்பர் ஒரு நல்ல பந்தைப் பாய்ந்து பிடித்தார். ஆனாலும் தோற்றுத்தான் போனோம். நான் ஓவென்று அழுதேன். மாமா இறங்கியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம்.

எல்லோரும் போன பிறகு மாமா வந்து நின்றார். சட்டையெல்லாம் சேறு.

"ஐயா, அக்கா என்ன சொன்னாவளோ எனக்குத் தெரியாது. என் வேலை இதுதான். திங்கக்கிழமைக்கு அப்புறம் இதுவும் இருக்குமான்னு தெரியல" என்றார்.

அவர் குடையை மடக்கி, விரித்து, மறுபடியும் மடக்கினார். பிறகு, "அடுத்த மேட்ச்ல கீப்பர் யாரு?" என்று கேட்டார்.

"அவன்தான்யா."

அவ்வளவுதான் பேச்சு. மூன்று பேருமாகப் பாலம் ஏறி வீட்டுக்குத் திரும்பினோம்.

அம்மா வாசலிலேயே நின்றாள். மாமாவின் சட்டையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "மேனேஜர்னுதான் சொன்னோம்..." என்று ஆரம்பித்தாள்.

"பத்தாம் நம்பர் ரூமைப் பாத்தேம்மா" என்றார் அவர். "கூரைதான் கொஞ்சம் ஒழுகுது." அம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "மேனேஜர்னு சொன்னீங்க. மேனேஜர்தான். அந்த டீயைக் குடுங்க."

நான் அப்போது ஸ்கூலில் சொல்லிக் கொடுத்த ஆங்கிலப் பாட்டு ஒன்றைக் கைகட்டி நின்று ஒப்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்த வாரமே சம்மதம் என்று போதகரம்மா மூலம் சேதி வந்தது. என் பாட்டுக்காகத்தான் அவர் சம்மதித்தார் என்று ரொம்ப வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு அத்தையாகி வந்த டீச்சரும் மறுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை என்ன நடந்தது என்று மாமா சொன்னதே இல்லை. வேலை போகவில்லை. கம்பெனி டீம்தான் சில வருஷங்களில் கலைந்து போனது. இப்போது மாமாவும் அத்தையும் சான்பாடாவில் இருக்கிறார்கள். மாமா ஞாயிறு மத்தியானங்களில் செம்பூரில் சின்னப் பிள்ளைகள் டீம் ஒன்றுக்கு மேனேஜர். கிறிஸ்துமஸுக்கு மீசை நரைத்த ஒரு கோல் கீப்பர் கேக்கோடு வந்துவிடுவார். அத்தையின் அப்பா இப்போது உயிரோடு இல்லை. கடைசிவரை மாமாவை அவர் 'மேனேஜர் சார்' என்றுதான் கூப்பிட்டார். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்கிறார் என்று அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல்.

போன மழைக்காலத்தில் என் ஆபீஸில் ஒரு தப்பு நடந்தது. நான் தயாரித்த ரிப்போர்ட்தான். என் மேனேஜர் படித்துப் பார்த்து, சரி என்று சொல்லி அனுப்பியதும்தான். மீட்டிங்கில் கேள்வி வந்ததும் அவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டு லேப்டாப்பைப் பார்க்க ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் சான்பாடாவில் இறங்கி, அத்தையின் சமையலறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். "எங்கப்பாவுக்கும் இதேதான் நடந்தது. சின்ன வயசுல, ஒரு டெண்டர் லெட்டர்ல தேதி தப்பா டைப் ஆயிடுச்சு. மேல இருந்தவர் படிச்சுக் கையெழுத்துப் போட்ட லெட்டர். ஆனா கேள்வி வந்தப்ப ஹால் பூரா பாக்க அப்பாவைத்தான் கை காட்டினார். அதோட அப்பாவுக்கு எல்லாம் நின்னு போச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, 'எனக்கு ஒரு மேனேஜர் கெடைக்கலையே'ன்னு அம்மாகிட்ட அழுதாராம். அப்புறம் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிட்டே இருந்தார். கேக்கறவங்க எல்லாம் பதவி கெடைக்கலன்னு நெனச்சுக்கிட்டாங்க."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாலத்தின் நடுவில் மூச்சு வாங்க நின்ற அந்த மனிதர் நாற்காலியைக் கேட்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்லக்கூடிய ஒரு ஆளைத்தான் அத்தனை வருஷமாகத் தேடியிருக்கிறார். அது தெரியாமல், மாமாவிடம் சொல்லி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவள் நான். பாலம் இறங்கி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அன்று சாயங்காலமே வாங்கியும் கொடுத்திருக்கிறேன். அது தெரியாமல்தான் மைதானத்தில் நின்று, தோற்றுவிட்டோம் என்று அப்படி அழுதிருக்கிறேன்.